மாற்றமும் தரமும்

“ஐயா, இந்தப் புள்ளியியல் எல்லாம் தேர்வு முடிந்த பிறகு எங்கே பயன்படப் போகிறது?”

ஆண்டுதோறும் முதலாண்டு வகுப்பில் ஒரு மாணவராவது இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார். கேட்பவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியைக் கேட்டவன்தான். அதற்கான விடை எனக்கு வகுப்பறையில் கிடைக்கவில்லை. கோவை வட்டாரத்து நூற்பாலை ஒன்றில், ஒரு முழம் நீலத் துணியின் வடிவில் கிடைத்தது. அந்த விடையை நம் கல்லூரி ஆண்டு மலரின் வாயிலாக மாணவ நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

ஒரு பொருளை உற்பத்தி செய்யும் முறையில் மாற்றம் ஒன்றைச் செய்யும்போது, அப்பொருளின் தரம் கெடாமல் காப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். கேட்பதற்கு எளிய செய்தியாகத் தோன்றும். ஆயினும் பல ஆலைகள் சறுக்கி விழுந்த இடம் இதுதான். நானும் விழுந்திருக்கிறேன்.

புது அரிசியும் பழைய அரிசியும்

தொழிற்சாலைக்குள் நுழையும் முன் நம் வீட்டு அடுக்களையை ஒருமுறை எட்டிப் பார்ப்போம். அறுவடை முடிந்து புது அரிசி வந்ததும் நம் தாய்மார்கள் என்ன செய்கிறார்கள்? உலைத் தண்ணீரைக் குறைக்கிறார்கள். புது அரிசி விரைவில் குழைந்துவிடும்; பழைய அரிசியோ தண்ணீர் அதிகம் கேட்கும். முதல் நாள் சிறிதளவு மட்டும் வடித்துப் பார்த்துப் பக்குவம் அறிந்துகொள்கிறார்கள். பழைய அரிசியையும் புது அரிசியையும் ஒரே பானையில் போடுவதில்லை. போட்டால் ஒன்று குழையும், மற்றொன்று விறைத்து நிற்கும். தனித்தனியே இரண்டும் நல்ல அரிசிதான். சேர்ந்தால் சோறு கெட்டுவிடும். இலையில் பரிமாறும்போது, “இன்று புது அரிசி, கொஞ்சம் குழைவாகத்தான் இருக்கும்” என்று ஒரு சொல் சொல்லியும் விடுகிறார்கள்.

மாற்றத்தை ஆளும் கலை முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது என்றால் அது மிகையாகாது. மாறியதை அறிதல், சிறிதாகச் செய்து பார்த்தல், முறையைத் திருத்திக்கொள்ளுதல், பழையதையும் புதியதையும் கலவாமை, உண்பவருக்குச் சொல்லுதல் ஆகிய ஐந்தும் அங்கே இயல்பாக நடக்கின்றன. அடுக்களையில் அரிசி களைபவரும், வடிப்பவரும், பரிமாறுபவரும் பெரும்பாலும் ஒருவரே. எனவே செய்தி வழியில் தவறிப் போக இடமில்லை. ஆலையில் பஞ்சு வாங்குபவர் ஒருவர், கலப்பவர் வேறொருவர், நூற்பவர் இன்னொருவர், சோதிப்பவர் மற்றொருவர். நூலைத் துணியாக்குபவரோ வேறு ஊரில் இருக்கிறார். அடுக்களையில் தானாக நடப்பது ஆலையில் தானாக நடக்காது. அதை நாம்தான் நடத்த வேண்டும்.

பஞ்சு நூலாகும் வழி

நான் இந்தக் கல்லூரிப் பணிக்கு வரும் முன், 1989 முதல் 1992 வரை, ஒரு நூற்பாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தேன். அங்கே பஞ்சு நூலாகும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் செய்தியைப் புரிந்துகொள்ள அது உதவும்.

ஆலைக்குப் பஞ்சு பொதிகளாக வரும். நம் நாட்டில் ஒரு பொதி என்பது 170 கிலோ. பல ஊர்ப் பஞ்சுப் பொதிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலப்பார்கள். இதற்கு ‘மிக்ஸிங்’ என்று பெயர். கலந்த பஞ்சு ப்ளோ ரூமில் உதிர்க்கப்பட்டுத் தூசும் விதைத் துணுக்கும் நீக்கப்படும். கார்டிங் இயந்திரம் அதை இழை இழையாகப் பிரித்துக் கயிறு போன்ற திரியாகத் தரும். கோம்பர் குட்டை இழைகளைச் சீவி நீக்கும். டிராயிங் இயந்திரத்தில் ஆறு அல்லது எட்டுத் திரிகளை ஒன்றாகச் சேர்த்து இழுத்துச் சமனாக்குவார்கள். பிறகு சிம்ப்ளக்ஸ், அதன்பின் ஸ்பின்னிங். அங்கே முறுக்கு ஏறி நூலாகும். கடைசியில் கோன்களில் சுற்றிப் பையில் கட்டி அனுப்புவார்கள்.

நூலின் பருமனை ‘நம்பர்’ என்று குறிப்பர். 840 கெஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுவே நூலின் நம்பர். 40-ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கெஜம், அதாவது 30 கிலோமீட்டருக்கும் மேல் என்று பொருள். நம்பர் ஏற ஏற நூல் மெலியும்.

எங்கள் ஆலையின் முதன்மைச் சரக்கு 40-ஆம் நம்பர் பனியன் நூல். பெரும்பகுதி திருப்பூருக்குச் செல்லும்.

மாற்றம் ஏன் வருகிறது?

“நல்ல நூல் வருகிறதே, ஏன் எதையாவது மாற்ற வேண்டும்?” என்று கேட்கலாம். மாற்றாமல் இருக்க முடியாது என்பதே விடை. பஞ்சு விளைபொருள். மழை பெய்ததும் பெய்யாததும் அதில் தெரியும். இந்த ஆண்டுப் பஞ்சு சென்ற ஆண்டுப் பஞ்சு அன்று. விலை ஏறும், சரக்குத் தீரும், இயந்திரம் தேயும், பழகிய கை ஓய்வு பெறும்.

ஆதாயம் கருதியும் மாற்றம் வரும். ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நூலில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை முறுக்கு வேண்டும் என்பது, நம்பரின் வர்க்கமூலத்தை முறுக்கெண் என்னும் ஓர் எண்ணால் பெருக்கினால் வரும். 40-இன் வர்க்கமூலம் 6.32. முறுக்கெண் 3.6 என்றால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 22.8 முறுக்கு. கதிர் நிமிடத்துக்கு 12,000 முறை சுழன்றால், 12,000-ஐ 22.8-ஆல் வகுக்க நிமிடத்துக்கு சுமார் 526 அங்குல நூல் வரும். முறுக்கெண்ணை 3.4 ஆகக் குறைத்தால் முறுக்கு 21.5, நூல் 558 அங்குலம். கதிரின் வேகத்தைக் கூட்டாமலே 6 விழுக்காடு உற்பத்தி கூடுகிறது!

ஒரே ஒரு பற்சக்கரத்தை மாற்றினால் போதும். எந்த மேலாளருக்கும் நாவில் நீர் ஊறும் கணக்கு இது. ஆனால் முறுக்குக் குறைந்தால் நூலின் வலு குறையலாம், இழை அறுதல் கூடலாம். மறுபுறம் துணி மென்மையாகும். பனியன் துணி ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும் குறையும் தணியலாம். ஆக, இந்த மாற்றம் நல்லதா கெட்டதா என்பதை மேசையில் அமர்ந்து சொல்லிவிட முடியாது; செய்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நான் கையெழுத்திட்ட தாள்

1991-ஆம் ஆண்டு கோடையின் இறுதி. நாங்கள் வழக்கமாகக் கலக்கும் பஞ்சு இருப்பில் குறைந்தது. கொள்முதல் பிரிவினர் வேறு வட்டாரத்துப் பஞ்சு வாங்கினர். இழை நீளம் சரி, வலு சரி, விலையும் சற்றுக் குறைவு. சோதனைச் சாலையில் எங்கள் விதிப்படி எல்லாச் சோதனைகளையும் நடத்தினோம். எல்லாம் எல்லைக்குள் இருந்தன. அந்தப் பஞ்சில் நூற்ற நூலையும் சோதித்தோம். நம்பர் சரி, வலு சரி, சமன் சரி. அறிக்கையின் அடியில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்திட்டவன் நான்.

ஐந்து வாரம் கழித்துத் திருப்பூரிலிருந்து ஒருவர் வந்தார். எட்டுப் பின்னல் இயந்திரங்கள் வைத்துத் தொழில் நடத்திய சிறு முதலாளி. கையில் கருநீலச் சாயமேற்றிய பனியன் துணி. அதை என் மேசையில் விரித்தார். குறுக்கே வெளிறிய வரிகள், வரிக்குதிரையின் உடல்போல் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தன. ஏற்றுமதிக்கான சரக்கு அது. வாங்குவோர் மறுத்துவிட்டனர்.

எங்கள் ஆலையில் முதலில் எல்லோரும் சாயப்பட்டறையைக் குறை கூறினோம். பிறகு பின்னல் இயந்திரத்தைக் குறை கூறினோம். எங்கள் அறிக்கைதான் ‘சரி’ என்கிறதே! அந்த மனிதர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்:

“தம்பி, நடுவுல நூல்ல ஏதாச்சும் மாத்துனீங்களா?”

“இல்லைங்க” என்றேன். பொய் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. உண்மையிலேயே நான் அப்படித்தான் நம்பினேன். பஞ்சு மாறியது எனக்குத் தெரியும். ஆனால் எல்லாம் எல்லைக்குள் இருந்ததால் அது ‘மாற்றம்’ என்று என் மனத்தில் பதியவே இல்லை.

வரி விழுந்த காரணம்

அவர் சென்றபின் மனம் ஆறவில்லை. துணியைப் பிரித்து, வெளிறிய வரியின் நூலையும் கருத்த வரியின் நூலையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தேன். பருமனில் வேறுபாடு இல்லை. மிக்ஸிங் மேஸ்திரியிடம் சென்று கேட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்தார். எந்தத் தேதியில், எந்த ஷிப்டில், எந்தக் குறியிட்ட பொதிகள் கலவையில் ஏறின என்று அவர் தாமாகவே எழுதி வைத்திருந்தார். யாரும் எழுதச் சொல்லவில்லை. யாரும் கேட்டதும் இல்லை. அந்தத் தேதிகளைக் கொண்டு, எடுத்து வைத்திருந்த பஞ்சு மாதிரிகளைத் தேடி எடுத்துச் சோதனைப் பதிவுகளை மீண்டும் புரட்டினேன். விடை அங்கே இருந்தது.

பஞ்சிழையின் நேர்த்தியையும் முதிர்ச்சியையும் சேர்த்துக் காட்டும் அளவு ஒன்று உண்டு. ‘மைக்ரோனேர்’ என்பர். குறிப்பிட்ட எடையுள்ள பஞ்சை ஒரு குழலில் அடைத்து அதன் வழியே காற்றைச் செலுத்துவார்கள். இழை மெல்லியதாகவும் முதிராததாகவும் இருந்தால் காற்று புக அதிகம் திணறும், அளவு குறையும். பழைய கலவையின் சராசரி 4.1. புதிய கலவையின் சராசரி 3.6. எங்கள் விதியோ, 3.5-க்குக் குறையாமல் இருந்தால் போதும் என்றது. எனவே இரண்டும் தேறின.

முதிராத இழையின் சுவர் மெல்லியது. சாயத்தைக் குறைவாகவே பிடிக்கும். மெல்லிய இழைகளால் ஆன நூல் ஒளியைச் சிதறடித்து வெளிறியும் தோன்றும். ஆக ஒரே தொட்டியில், ஒரே சாயத்தில் மூழ்கினாலும், 3.6 பஞ்சின் நூல் 4.1 பஞ்சின் நூலைவிட வெளிறியே நிற்கும். சாயம் ஏற்றாத வெள்ளைத் துணியில் இது கண்ணுக்குத் தெரியாது.

இனி, பின்னல் இயந்திரத்தைப் பாருங்கள். வட்டப் பின்னல் இயந்திரத்தில் பல கோன்களிலிருந்து நூல் ஒரே நேரத்தில் செல்கிறது. 72 கோன்கள் என்று வைத்துக்கொள்வோம். துணியின் ஒவ்வொரு வரிசையையும் ஒரு கோன் பின்னுகிறது. 73-ஆம் வரிசைக்கு மீண்டும் முதல் கோனின் முறை வரும். 72-இல் ஐந்து கோன்கள் மட்டும் புதிய கலவையாக இருந்தால், அந்த ஐந்து வரிசைகளும் ஒவ்வொரு சுற்றிலும் வெளிறித் தெரியும். துணியின் நீளம் முழுவதும் வரி வரியாக விழும்.

புதிய நூலில் குறை எதுவும் இல்லை. அந்த நூலை மட்டுமே கொண்டு பின்னிய துணி எந்தப் பழுதும் இன்றி விற்பனையாகியது. பழைய நூலும் நல்லதே. இரண்டும் ஒரே இயந்திரத்தில் சேர்ந்ததுதான் கேடு. பழைய அரிசியும் புது அரிசியும் ஒரே பானையில் விழுந்துவிட்டன.

இரண்டு பிழைகள்

சோதனை விதி கேட்ட கேள்வி, “இது ஏற்கத்தக்கதா?” என்பது. மாற்றம் நிகழும்போது கேட்க வேண்டிய கேள்வியோ, “இது முன்னதைப் போன்றதா? இல்லையெனில் இந்த வேறுபாடு யாரைத் தாக்கும்?” என்பது. முதல் கேள்விக்கு நாங்கள் கூறிய விடை சரியானது. இரண்டாம் கேள்வியை நாங்கள் கேட்கவே இல்லை. ஒரே துணியில் சேரக்கூடிய நூல்களின் கலவைச் சராசரி 0.2-க்கு மேல் வேறுபடாமல் பார்த்துக்கொள்வது நல்ல ஆலைகளின் வழக்கம். எங்களிடம் வேறுபாடு 0.5. இது முதற்பிழை.

கலவை மாறியபோது கோனின் காகிதக் குழாய் நுனியின் நிறத்தையோ பையின் லாட் எண்ணையோ நாங்கள் மாற்றவில்லை. மாற்றியிருந்தால் பின்னுபவர் இரண்டையும் பிரித்து வைத்திருப்பார். செலவே இல்லாத ஒரு செயல் அது. இது இரண்டாம் பிழை. முதற்பிழையினும் பெரிய பிழை.

உண்மை வெளிப்பட்டபின் நான் திருப்பூர் சென்று அவரிடம் நேரில் சொன்னேன். ஆலை நூலின் விலையைக் கழித்துக் கொடுத்தது. சாயக்கூலியும் தையல்கூலியும் தவறிய கப்பலும் அவர் தலையில்தான் விழுந்தன. அவர் சினந்து பேசவில்லை. சொன்னது இவ்வளவுதான்:

“நூலு மாறுனது தப்பில்லீங்க தம்பி. மாறுனதை ஒரு வார்த்தை சொல்லாம உட்டதுதான் தப்புங்க.”

அடுத்த ஆண்டு அவருடைய எட்டு இயந்திரங்களில் மூன்று கைமாறிவிட்டன என்று கேள்விப்பட்டேன்.

மருந்துக் குளிகையில் ஒரு மாற்றம்

துணியில் வரி விழுந்தால் பணம் போகும். மருந்தில் இதே பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவ ஏடுகளில் பதிவான நிகழ்ச்சி ஒன்று உண்டு. வலிப்பு நோய்க்கு ஃபெனிட்டாயின் என்னும் மருந்தை நெடுங்காலமாகத் தருகிறார்கள். 1968-இல் ஆஸ்திரேலியாவில் இம்மருந்தை உட்கொண்டு நலமாக இருந்த நோயாளிகள் பலருக்கு நடை தள்ளாடியது, பார்வை இரட்டையாயிற்று. மருந்து அளவுக்கு மீறியதன் அறிகுறிகள் இவை. ஆனால் அவர்கள் உட்கொண்ட அளவோ மாறவில்லை.

மாறியது நிரப்புப் பொருள். குளிகைக்குள் மருந்தோடு சேர்த்து இடத்தை நிரப்ப ஒரு பொடியை வைப்பார்கள். அதுவரை கால்சியம் சல்ஃபேட் வைத்தவர்கள் அதற்குப் பதிலாகப் பால் சர்க்கரையான லாக்டோஸை வைத்தார்கள். நிரப்புப் பொருள் மருந்தன்று. அது ஒன்றும் செய்யாது என்பதே எண்ணம். உண்மையில் பழைய பொடி இருந்தபோது மருந்தின் ஒரு பகுதி உடலில் சேராமல் வீணாகிக்கொண்டிருந்தது. லாக்டோஸ் வந்தபின் அப்பகுதியும் இரத்தத்தில் சேர்ந்தது. இந்த மருந்துக்கு இன்னோர் இயல்பும் உண்டு. ஓர் அளவைத் தாண்டினால் உடலால் அதை விரைந்து கழிக்க இயலாது. உட்செல்வது சிறிது கூடினாலும் இரத்தத்தில் அதன் செறிவு பெரிதும் ஏறிவிடும்.

குளிகைக்குள் இருந்த மருந்தை நிறுத்துப் பார்த்தால் எடை சரியாகவே இருந்திருக்கும். எங்கள் ஆலையின் அறிக்கை போலத்தான்! பொருளை மட்டும் சோதித்தால் போதாது. பொருள் சென்று சேரும் இடத்தில் அது என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஷூவார்ட்டின் படம்

இந்த இடத்தில் புள்ளியியல் மாணவர்கள், “கட்டுப்பாட்டுப் படம் இதைக் காட்டிக் கொடுத்திருக்காதா?” என்று கேட்பார்கள். நல்ல கேள்வி.

1924-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய வால்ட்டர் ஷூவார்ட், தம் மேலதிகாரிக்கு எழுதிய ஒரு சிறு குறிப்பில் முதல் கட்டுப்பாட்டுப் படத்தை வரைந்தார். எந்த உற்பத்தியிலும் இயல்பான ஏற்ற இறக்கம் உண்டு. அதைத் தேடிப் பிடித்துத் திருத்த முயல்வது வீண். ஆனால் குறிப்பிட்ட காரணத்தால் வரும் விலகலைத் தேடிப் பிடிக்க வேண்டும். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டவே சராசரிக்கு மேலும் கீழும் மூன்று திட்டவிலக்கத் தொலைவில் இரு கோடுகளை அவர் இட்டார். இயல்நிலைப் பரவலில் ஆயிரத்துக்கு மூன்று புள்ளிகளே தற்செயலாக அக்கோடுகளுக்கு வெளியே விழும். தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் சராசரியின் மேற்பக்கமே விழுந்தாலும் ஐயுற வேண்டும். அது தற்செயலாக நிகழும் வாய்ப்பு 256-இல் ஒன்றுதான்.

ஷூவார்ட் 1947-48-இல் பேராசிரியர் மகலனோபிஸின் அழைப்பை ஏற்று இந்தியாவுக்கு வந்து சில மாதங்கள் தங்கினார். நம் நாட்டு ஆலைகளில் புள்ளியியல் தரக் கட்டுப்பாடு வேரூன்ற அவ்வருகை துணை செய்தது. 1956-இல் கோவையில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. இவற்றின் பயனாக எங்கள் ஆலைச் சுவரிலும் கட்டுப்பாட்டுப் படங்கள் தொங்கின.

ஆயினும் அவை எங்களைக் காக்கவில்லை. காரணம் எளியது. நாங்கள் நூலின் நம்பருக்குப் படம் வரைந்தோம், வலுவுக்கு வரைந்தோம், கலவையின் மைக்ரோனேருக்கு வரையவில்லை. வரைந்திருந்தால் புள்ளிகள் 4.1-இலிருந்து 3.6-க்குச் சரிந்ததைச் சிறு பிள்ளையும் கண்டிருக்கும். எதை அளக்கிறோமோ அதை மட்டுமே படம் காட்டும். எதை அளக்க வேண்டும் என்பதை மனிதன்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாற்றத்தை நடத்தும் முறை

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு எங்கள் ஆலையில் சில ஒழுங்குகளை ஏற்படுத்தினோம். அவை எந்தத் தொழிலுக்கும் பொருந்தும் என்பதால் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

முதலாவது, செய்யும் முன் எழுதுதல். என்ன மாறுகிறது, ஏன் மாறுகிறது, எந்தத் தேதி முதல் மாறுகிறது என்று ஒரு தாளில் எழுத வேண்டும். மாற்றத்தால் தொடப்படும் ஒவ்வொரு பிரிவும் அதைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். மேஸ்திரியின் சட்டைப்பைக் குறிப்பேடுதான் எங்கள் முதல் ‘மாற்றக் குறிப்பு’ படிவத்துக்கு மூலம். தேதி, ஷிப்டு, பொதிக் குறி என்ற அவருடைய மூன்று தலைப்புகளையும் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

இரண்டாவது, பயன்படும் இடத்தில் நின்று சோதித்தல். நூலை நூலாக மட்டும் சோதிக்காமல், சிறு பின்னல் கருவியில் பழைய நூலையும் புதிய நூலையும் மாற்றி மாற்றிப் பின்னி, அழுத்தமான சாயம் ஏற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். அரை நாள் வேலை. அதை முன்பே செய்திருந்தால் மூன்று இயந்திரங்கள் கைமாறியிருக்கமாட்டா.

மூன்றாவது, பக்கம் பக்கமாக ஒப்பிடுதல். பழைய முறையின் சித்திரை மாதக் கணக்கையும் புதிய முறையின் ஆடி மாதக் கணக்கையும் ஒப்பிடுவது தவறு. இடையில் காற்றின் ஈரம் மாறியிருக்கும். ஈரம் மாறினால் இழை அறுதலும் மாறும். வேறுபாடு மாற்றத்தால் வந்ததா, பருவத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாமல் இரண்டும் பின்னிக்கொள்ளும். அதே இயந்திரத்தில், அதே நாளில், சில கதிர்களில் பழையதையும் சில கதிர்களில் புதியதையும் குலுக்கல் முறையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பயிர் ஆராய்ச்சியில் ரொனால்டு ஃபிஷர் வயற்பாத்திகளை அருகருகே வைத்து ஒப்பிடக் கற்பித்ததும் இதற்காகவே. முறையான சோதனைத் திட்டம் இல்லாதபோது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது நலம். பஞ்சையும் முறுக்கையும் ஒரே வாரத்தில் மாற்றினால், பழுது வரும்போது எதைக் குற்றம் சொல்வது?

நான்காவது, பிரித்து வைத்தல். பொதியிலிருந்து கோன்வரை வர நாட்கள் பல ஆகும். அதுவரை இடையிலுள்ள இயந்திரங்களில் பழைய சரக்கு இருந்துகொண்டே இருக்கும். எனவே புதிய கலவை ஏறிய மறுநாளே புதிய லாட் எண் இட்டால் போதாது. பழைய சரக்கு ஓடித் தீர்ந்ததை ஒவ்வொரு கட்டத்திலும் பார்த்து, அதன்பின் குழாய் நுனி நிறத்தையும் லாட் எண்ணையும் மாற்ற வேண்டும். நடுவில் கலந்து வரும் நூலைத் தனியே ஒதுக்க வேண்டும்.

ஐந்தாவது, திரும்பும் வழியை அடைக்காமை. சோதனையின் முடிவு தெரியும்வரை பழைய பஞ்சில் கொஞ்சம் இருப்பு வேண்டும். எந்த அளவு எந்த எல்லையைத் தாண்டினால் பழைய முறைக்குத் திரும்புவது என்பதைத் தொடங்கும் முன்பே எழுதிவிட வேண்டும். செலவு செய்தபின் முடிவு செய்தால், மனம் செலவின் பக்கமே சாயும்.

ஆறாவது, சொல்லுதல். வாங்குபவருக்கு மாற்றத்தை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். சொன்னால் சரக்கை மறுப்பாரோ என்று விற்பனைப் பிரிவினர் அஞ்சினர். பெரும்பாலோர் மறுக்கவில்லை, புதிய லாட்டைத் தனி இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டார்கள்.

ஏழாவது, தொடர்ந்து கவனித்தல். மாற்றம் செய்த முதல் சில வாரங்களில் மாதிரிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். எல்லாம் நிலைபெற்றபின்னரே மாற்றக் குறிப்பை முடித்துக் கோப்பில் வைக்க வேண்டும்.

பெயரில்லாத மாற்றங்கள்

இவ்வளவு ஒழுங்குக்குப் பிறகும் சில மாற்றங்கள் பின்வாசல் வழியே நுழையும். அவற்றை யாரும் மாற்றம் என்று அழைப்பதில்லை. பனியன் நூல் ஊசியில் வழுக்கிச் செல்வதற்காகக் கோன் சுற்றும்போது அதன்மேல் மெழுகு தடவுவார்கள். மெழுகு வாங்கும் கடை மாறியது என்றால், கணக்குப் பிரிவுக்கு அது வெறும் பில். ஆனால் புது மெழுகு வெயிலில் இளகினாலோ, சாயத்துக்கு முன் கழுவும்போது போகாமல் தங்கினாலோ துணியில் திட்டுத் திட்டாகச் சாயம் ஏறாமல் நிற்கும். அவ்வாறே உருளைகளைத் தேய்த்துப் புதுப்பித்தல், அனுபவமிக்க ஃபிட்டர் ஓய்வு பெறுதல், இயந்திரத்தை வேறு கூடத்துக்கு நகர்த்துதல் எல்லாம் மாற்றங்களே.

அதற்காக ஒவ்வொரு திருகாணிக்கும் ஏழு படிகளையும் நடத்தினால் ஆலை நின்றுவிடும். படிவத்தின் சுமை தாங்காமல் தொழிலாளர்கள் மாற்றத்தை மறைக்கவும் தொடங்குவார்கள். அது முன்னதைவிடக் கேடு. எனவே ஒரே ஒரு கேள்வியால் தரம் பிரிக்கலாம்: இந்த மாற்றம் பொருளைத் தொடுகிறதா? எரிந்துபோன விளக்கை அதே வகை விளக்கால் மாற்றினால் ஒரு வரிப் பதிவு போதும். பொருளைத் தொடுமானால் சோதனை வேண்டும். வாங்குபவர் கையில் வேறுபாடு தெரியக்கூடுமானால் ஏழு படிகளும் வேண்டும். ஐயம் இருந்தால் மேல்படியையே கொள்ள வேண்டும்.

முடிவுரை

மாற்றம் தரத்துக்குப் பகையன்று. மாறாமலே இருந்திருந்தால் நாம் இன்றும் கைராட்டையில்தான் நூற்றுக்கொண்டிருப்போம். அறியாமல் புகும் மாற்றமும், அறிந்தும் சொல்லாமல் விடும் மாற்றமுமே தரத்துக்குப் பகை. நாளை உங்களில் ஒருவர் மருத்துவமனைச் சோதனைச் சாலையில் இருக்கலாம். புதிய வேதிப்பொருள் வந்த நாளில் பழைய அளவுகோலையே நம்பிவிடாதீர்கள். ஒருவர் பால் பண்ணையில் இருக்கலாம். ஒருவர் அரசு அலுவலகத்தில் படிவம் மாற்றும் இடத்தில் இருக்கலாம். “எல்லைக்குள் இருக்கிறது” என்ற ஆறுதலோடு நின்றுவிடாமல், “முன்னதைப் போல் இருக்கிறதா, யாருக்குச் சொல்ல வேண்டும்?” என்று ஒருமுறை கேளுங்கள்.

அந்தக் கருநீலத் துணியில் ஒரு முழத்தை வெட்டி வைத்திருக்கிறேன். தரக் கட்டுப்பாட்டுப் பாடம் தொடங்கும் நாளில் அதை வகுப்புக்கு எடுத்து வந்து, முன் வரிசையிலிருந்து பின் வரிசைவரை கை மாற்றிக் கொடுப்பேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் வரிகள் மறையவில்லை. இந்தப் பாடம் எங்கே பயன்படும் என்று கேட்ட மாணவர் அதைக் கையில் வாங்கும்போது, திருப்பூர்க்காரர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தையும் அவருக்குச் சொல்வேன்.